படம் தூரிகையான கதை

கல்யாண ஆல்பம் செய்தவர்கள், கல்லூரி மலருக்கு அட்டை போட்டவர்கள், டிடிபி சென்டரில் ஒரு வருஷமாவது உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் போட்டோஷாப்பின் அந்தப் புல் தெரியும். பிரஷ் பட்டியலில் 112, 134 என்ற எண்களோடு இரண்டு புல் இருக்கும். அருகிலேயே 74 என்று ஒரு மேப்பிள் இலை. மவுஸை அழுத்தி ஓர் இழு இழுத்தால் புல்வெளி முளைக்கும். இலைகள் நாலா பக்கமும் சிதறும். முதல் தடவை பார்ப்பவர் யாரும் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்த எண் பிரஷ்ஷின் அளவு, பிக்சல் கணக்கில். சில புல்லிதழ்கள் மட்டும் உள்ள ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் அது. மவுஸ் நகர நகர, மென்பொருள் அந்தப் படத்தை முத்திரை குத்துவதுபோல் மறுபடி மறுபடி பதிக்கிறது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சாய்க்கிறது, கொஞ்சம் சிறிதாக்குகிறது, நிறத்தைக் கொஞ்சம் மாற்றுகிறது. நம் கண்ணுக்கு அது புல்வெளியாகிவிடுகிறது.

இதைப் பிற்காலத்தில் ஒட்டிய அலங்காரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். முதலில் உருண்டை பிரஷ் வந்தது, பிறகு படத்தையும் பிரஷ் ஆக்கிக்கொள்ளும் வசதியைக் கொடுத்தார்கள் என்று. நடந்தது அப்படியல்ல. கணினியில் தூரிகை பிறந்ததே படமாகத்தான். அந்த உருண்டையும் ஒரு படமே. நடுவில் கறுத்து ஓரத்தில் வெளுத்த ஒரு வட்டத்தின் படம். மயிரும் கைப்பிடியும் உள்ள பொருள் ஒன்று அந்தத் தொடக்கத்தில் கணினிக்குள் இருந்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஐம்பது வருஷக் கதை முழுவதும் வரிசையாக விளங்கும்.

1973 ஏப்ரல். கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடமான பார்க். ரிச்சர்ட் ஷூப் என்ற பொறியாளர் தான் கட்டிய கருவியில் முதல் படத்தைப் பதிவுசெய்தார். கையில் ஓர் அட்டையோடு அவரே நிற்கும் படம். வேலை செய்கிறது, ஏதோ ஒரு மாதிரி என்று அந்த அட்டையில் எழுதியிருந்தது. கருவியின் பெயர் சூப்பர்பெயின்ட். வரிக்கு 640 புள்ளிகள், ஏறத்தாழ 480 வரிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 8 பிட். அதாவது சுமார் மூன்று லட்சம் பைட் நினைவகம், ஒரே ஒரு படத்தைத் தாங்குவதற்கு. இன்று செல்போனில் வரும் காலை வணக்கப் படத்துக்கே இதைவிட இடம் வேண்டும். அன்று அந்த நினைவகத்தைச் செய்வதற்கே அட்டை அட்டையாகச் சில்லுகளை அடுக்க வேண்டியிருந்தது.

அந்த நினைவகத்துக்கு ஃபிரேம் பஃபர் என்று பெயர். திரையில் தெரிவது அத்தனையும் அதில் எண்களாக உட்கார்ந்திருக்கும். எண்ணை மாற்றினால் புள்ளியின் நிறம் மாறும். பேனாவால் ஓர் இடத்தைத் தொட்டால் என்ன நடக்க வேண்டும்? அந்த இடத்தைச் சுற்றியுள்ள கொஞ்சம் எண்களை மாற்ற வேண்டும். எவற்றை மாற்றுவது என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் தேவை. அந்தக் கட்டம்தான் தூரிகை. படம் புள்ளிகளாலான பெரிய கட்டம் என்றால் தூரிகை புள்ளிகளாலான சின்னக் கட்டம். இரண்டும் ஒரே சரக்கு. படம் தூரிகையாகும் வாசல் அன்றைக்கே திறந்துவிட்டது.

1974இல் ஆல்வி ரே ஸ்மித் அங்கே வந்து சேர்ந்தார். கணிதத்தில் ஊறியவர், ஓவியமும் வரைபவர். சூப்பர்பெயின்ட்டைப் பார்த்த பிறகு அவரால் அதை விட்டு நகர முடியவில்லை. ஆனால் ஜெராக்ஸ் மேலிடத்துக்கு வண்ணத்தில் அக்கறை இல்லை. எதிர்கால அலுவலகம் கறுப்பு வெள்ளையில்தான் இயங்கும் என்று முடிவெடுத்தார்கள். அடுத்த ஆண்டே ஸ்மித் வெளியே வர வேண்டியதாயிற்று. கணினி வரலாற்றில் பெரிய நிறுவனங்கள் தவறவிட்ட வாய்ப்புகளைப் பட்டியலிட்டால் இதை முதல் சிலவற்றுக்குள் வைப்பேன்.

ஸ்மித் நியூயார்க்குக்கு அருகே லாங் ஐலண்டில் இருந்த நியூயார்க் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜிக்குப் போனார். அங்கே கணினி வரைகலைக் கூடத்துக்குத் தலைமை ஏற்றிருந்தவர் எட் கேட்மல். பின்னாளில் பிக்ஸாரை உருவாக்கியவர்களில் இந்த இருவரும் உண்டு. அந்தக் கல்வி நிலையத்தை நடத்திய அலெக்ஸாண்டர் ஷூருக்குப் பணம் செலவழிக்கத் தயக்கமே இல்லை. பல்லாயிரம் டாலர் விலையுள்ள ஃபிரேம் பஃபர்களை ஒன்றல்ல, பலவாக வாங்கிக் குவித்தார். ஸ்மித் மூன்றைச் சேர்த்துக் கட்டினார்: சிவப்புக்கு 8 பிட், பச்சைக்கு 8, நீலத்துக்கு 8. 24 பிட் முழு வண்ணம்.

இந்த மாற்றத்தின் அருமையை நின்று கவனிக்க வேண்டும்; மென்மையான தூரிகை பிறந்தது இங்கேதான். 8 பிட் முறையில் ஒவ்வொரு புள்ளியிலும் இருந்தது நிறம் அல்ல, நிறப்பட்டியலில் ஒரு வரிசை எண். 12 என்றால் சிவப்பு, 13 என்றால் பச்சை, 14 என்றால் ஆரஞ்சு என்று வைத்துக்கொள்வோம். சிவப்பையும் ஆரஞ்சையும் பாதிப் பாதி கலக்க நினைத்து 12க்கும் 14க்கும் சராசரி எடுத்தால் 13, அதாவது பச்சை கிடைக்கும்! ஆகவே தூரிகையின் ஓரம் கத்தி போல் வெட்டித்தான் நிற்கும். புள்ளியில் வண்ணம் விழும், அல்லது விழாது. நடுவே ஒன்றும் இல்லை. 24 பிட்டில் புள்ளியில் இருப்பது உண்மையான நிற அளவுகள். சராசரி எடுத்தால் உண்மையான கலவை வரும்.

1977 வாக்கில் ஸ்மித் எழுதிய பெயின்ட்3 என்ற நிரல் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டது. தூரிகைக் கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஆம், இல்லை என்பதற்குப் பதில் ஒரு பங்கு இருந்தது. நடுவில் முழுப் பங்கு, ஓரத்துக்குப் போகப் போகக் குறையும் பங்கு. முழுப் பங்கு உள்ள இடத்தில் புது வண்ணம் அப்படியே விழும். பாதிப் பங்கு உள்ள இடத்தில் பாதி புதியது, பாதி கீழே இருந்தது. ஓரம் கரைந்து தெரியும். அதே காலத்தில் அதே கூடத்தில்தான் ஸ்மித்தும் கேட்மலும் ஆல்ஃபா சேனல் என்ற கருத்தையும் கண்டார்கள்: படத்தின் ஒவ்வொரு புள்ளியோடும் அது எவ்வளவு மறைக்கும், எவ்வளவு ஊடுருவித் தெரியவிடும் என்ற எண்ணையும் சேர்த்தே வைப்பது. தூரிகையின் பங்கும் ஆல்ஃபாவும் ஒரே கணக்கின் இரண்டு முகங்கள். இன்று எந்த மென்பொருளில் எந்தப் படத்தைத் தூரிகை ஆக்கினாலும் அடியில் ஓடுவது இந்தப் பெருக்கல் கூட்டல்தான்.

இதில் காசு பார்த்தவர்கள் வேறு. இங்கிலாந்தின் நியூபரியிலிருந்த குவான்டெல் நிறுவனம் 1981இல் பெயின்ட்பாக்ஸ் என்ற கருவியைக் கொண்டுவந்தது. அழுத்தத்தை உணரும் பேனா, ஏர்பிரஷ் போல மெல்லப் படியும் வண்ணம். உலகத் தொலைக்காட்சி நிலையங்கள் அதை வாங்கிப் போட்டன. 1980களின் செய்தித் தலைப்புகளும் இசை வீடியோக்களும் அதன் சாயலோடுதான் இருந்தன. கருவி நல்ல கருவி, அதில் சந்தேகமில்லை. ஆனால் மென்மையான தூரிகை முறைக்கே குவான்டெல் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. இங்கிலாந்தில் ஸ்பேஸ்வர்ட் என்ற சிறிய நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு 1990இல் வென்றது. பிறகு அமெரிக்காவில் அடோபியின் மேலேயே, போட்டோஷாப்புக்காக, வழக்குப் போட்டது.

1997இல் டெலவேரில் ஜூரி முன் விசாரணை நடந்தது. ஸ்மித் சாட்சி சொன்னார். குவான்டெல் தன்னுடையது என்று உரிமை கோரிய முறை, அதன் கருவி சந்தைக்கு வருவதற்குப் பல வருஷம் முன்பே லாங் ஐலண்டில் நடைமுறையில் இருந்தது என்று காட்டப்பட்டது. காப்புரிமைகள் செல்லாது என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. மறுபக்கம் ஜெயித்திருந்தால், ஓரம் கரைந்த ஒரு முத்திரையைப் பதிக்கும் ஒவ்வொரு மென்பொருளும் கப்பம் கட்டியிருக்க வேண்டும். இலவச மென்பொருள்களின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே பகீரென்கிறது. அடுத்த ஆண்டே, 1998இல், டிஜிட்டல் ஓவிய முறைகளுக்காக ஷூப், ஸ்மித், அவர்களோடு தாமஸ் போர்ட்டர் என்பவர் என மூவருக்கும் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது.

இதெல்லாம் ஆய்வுக்கூடத்திலும் தொலைக்காட்சி நிலையத்திலும் நடந்தவை. வீட்டில் இருப்பவன் கைக்குப் படத் தூரிகையைக் கொண்டுவந்து கொடுத்தவர் டான் சில்வா. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தில், தங்கள் விளையாட்டுகளுக்குப் படம் வரைய அவர் எழுதிய உள்வீட்டுக் கருவியே 1985 நவம்பரில் அமிகா கணினிக்கான டீலக்ஸ் பெயின்ட்டாக வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு மேக்கின்டாஷோடு வந்த பில் அட்கின்சனின் மேக்பெயின்ட்டிலும் தூரிகை வடிவங்கள் உண்டு. ஆனால் அவை ஒரு பட்டியலில் வரிசையாக நிற்கும் சதுரம், வட்டம், சாய்கோடுகள்.

டீலக்ஸ் பெயின்ட் செய்தது வேறு. கருவிப்பட்டியில் பிரஷ் எடுக்கும் கருவி ஒன்று இருந்தது. அதை அழுத்தி, வரைந்த படத்தின் எந்தப் பகுதியைச் சுற்றியும் ஒரு கட்டம் போட்டால், அந்தப் பகுதி அப்படியே பெயர்ந்து மவுஸின் முனையில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கணமே அது தூரிகை. பின்னணி நிறமாக இருந்த இடம் தானாகவே ஊடுருவித் தெரியும். மற்றது வண்ணத்தோடு பதியும். கீபோர்டில் எக்ஸ் தட்டினால் இடவலமாகத் திரும்பும், ஒய் தட்டினால் தலைகீழாகும், இசட் தட்டினால் கால்வட்டம் சுழலும், ஹெச் தட்டினால் பாதியாகச் சுருங்கும். ஓர் இலையை வரைந்து, எடுத்து, திருப்பித் திருப்பிப் பதித்தால் சில நிமிஷத்தில் ஒரு மரக்கிளை. 320க்கு 200 புள்ளிகள், 32 நிறங்கள் மட்டுமே இருந்த திரையில் இது. லூகாஸ்ஃபிலிம் கேம்ஸின் மங்கி ஐலண்ட் போன்ற விளையாட்டுகளின் காட்சிகள் இந்த மென்பொருளில்தான் வரையப்பட்டன.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதன் கோப்பு. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் ஜெர்ரி மாரிசன் அதே 1985இல் வகுத்த ஐஎஃப்எஃப் முறையில், படத்துக்கும் பிரஷ்ஷுக்கும் தனித்தனி வடிவம் கிடையாது. பிரஷ் கோப்பு என்பது படக்கோப்பேதான். ஒரே ஒரு சின்னத் துண்டு மட்டும் கூடுதலாக இருக்கலாம்: கிராப் என்று அதற்குப் பெயர், நான்கு பைட். இந்தப் படத்தை எந்தப் புள்ளியில் கையால் பிடிக்க வேண்டும் என்று இரண்டு எண்களில் அது சொல்லும். ஒரு படத்தைத் தூரிகை ஆக்க வேறென்ன வேண்டும்? பிடிக்க ஓர் இடம். அவ்வளவுதான்.

போட்டோஷாப் இந்த வழியில் வரவில்லை. மிஷிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த தாமஸ் நோல், 1987இல், கறுப்பும் வெள்ளையும் மட்டும் காட்டத் தெரிந்த மேக்கின்டாஷ் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு நிரல் எழுதினார். அவரும் அவருடைய தம்பியும் சேர்ந்து அதை வளர்த்தார்கள்; 1990 பிப்ரவரியில் அடோபி அதை போட்டோஷாப் 1.0 என்று வெளியிட்டது. அது சாம்பலில் பிறந்த மென்பொருள், சாம்பலிலேயே சிந்திக்கும் மென்பொருள். அதில் செலக்‌ஷன் என்பது 0 முதல் 255 வரையான சாம்பல் அளவுகள். மாஸ்க்கும் அதேதான். சேனலும் அதேதான். படத்திலிருந்து பிரஷ் எடுக்கும் டிஃபைன் பிரஷ் கட்டளை வந்தபோது அதுவும் அந்தக் குடும்பத்தில் சேர்ந்தது. எந்தப் படத்தைக் கொடுத்தாலும் நிறத்தைக் களைந்துவிட்டு சாம்பலை மட்டும் வைத்துக்கொள்ளும். கறுப்பு உள்ள இடத்தில் வண்ணம் முழுதாக விழும்; வெள்ளையில் ஒன்றும் விழாது; நடுச்சாம்பலில் பாதி.

நிறத்தை இழப்பது குறை என்று முதலில் தோன்றும். புதிதாகக் கற்பவர்கள் ரோஜாப்பூவை பிரஷ் ஆக்கிவிட்டு, சிவப்பு எங்கே போனது என்று கேட்பார்கள். ஆனால் இதுவே சரியான முடிவு என்பது என் உறுதியான கருத்து. நிறத்தோடு பதியும் ரோஜா எங்கே போட்டாலும் அந்த ரோஜாவாகவே நிற்கும். நிறம் களைந்த ரோஜா, சுவரில் ஈரக்கறையாகும், துணியில் சித்திரமாகும், மாஸ்க்கில் போட்டால் ஓட்டையாகும். பொருள் போய்த் தடம் மட்டும் மிஞ்சுகிறது. ஓவியனுக்கு வேண்டியது தடம்தான். டான் சில்வாவுக்கும் இது தெரிந்திருந்தது. எடுத்த பிரஷ்ஷை ஒரே நிறத்தில் பதிக்கும் முறையை டீலக்ஸ் பெயின்ட்டிலேயே வைத்திருந்தார்.

ஒரு குறை மட்டும் நெடுநாள் இருந்தது. ஒரே முத்திரை ஒரே அளவில் ஒரே கோணத்தில் விழுந்தால், இழுத்த கோடு கோடாகத் தெரியாது, சங்கிலியாகத் தெரியும். பெயின்ட்டர் என்ற மென்பொருள் 1994இல் தன் மூன்றாம் பதிப்பில் இதற்கு ஒரு விடை சொன்னது: இமேஜ் ஹோஸ். ஒரு படத்துக்குப் பதில் படங்களின் வரிசையை வைத்துக்கொண்டு, இழுக்க இழுக்க மாற்றி மாற்றிப் பீய்ச்சுவது. கிம்ப் என்ற இலவச மென்பொருள் 2000இல் தன் 1.2 பதிப்பில் அதே வழியைப் பின்பற்றியது. போட்டோஷாப் 2002இல் 7ஆம் பதிப்பில் வேறு விடை சொன்னது. படம் ஒன்றே போதும். பதிக்கும்போது அளவு, கோணம், சிதறல், நிறம் எல்லாவற்றையும் குலுக்கிப்போடு. பேனாவின் அழுத்தத்தையும் சாய்வையும் அதோடு கட்டிவிடு. ஒரு பிரஷ்ஷின் மேல் இன்னொரு பிரஷ்ஷைப் பெருக்கு. அந்த 112உம் 134உம் இந்த எஞ்சினின் திறமையைக் காட்டத்தான் கூடவே வந்தன. படத் தூரிகை வேடிக்கைப் பொருளாக இருந்த காலம் அந்தப் பதிப்போடு முடிந்தது. அதன் பிறகு திரைப்படங்களுக்குக் காட்சி ஓவியம் வரைபவர்களும் புத்தக அட்டை வரைபவர்களும் தங்கள் தங்கள் பிரஷ் தொகுப்போடுதான் வேலைக்கு உட்கார்ந்தார்கள்.

தொகுப்புகள் கைமாறின, விலைக்கும் வந்தன. அமெரிக்க ஓவியர் கைல் வெப்ஸ்டர் தன் வேலைக்காகச் செய்த பிரஷ்களை விற்கத் தொடங்கி, அதுவே பெரிய தொழிலாகி, 2017இல் அடோபி அந்தத் தொகுப்பை வாங்கி அவரையும் சேர்த்துக்கொண்டது. அதே ஆண்டில் இன்னொரு காரியமும் நடந்தது. ஆஸ்லோவின் மூங்க் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் மூங்க் பயன்படுத்திய பழைய தூரிகைகள் இருக்கின்றன. மயிர் தேய்ந்து, வண்ணம் காய்ந்து இறுகி, நூறு வருஷத்துக்கு மேல் ஆனவை. அவற்றில் ஏழைத் துல்லியமாகப் படம் பிடித்து, வெப்ஸ்டர் அவற்றை போட்டோஷாப் பிரஷ்களாக்கினார். தூரிகையைப் படமெடுத்து, அந்தப் படத்திலிருந்து தூரிகை.

செய்யும் முறையில் புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. காய்ந்த தூரிகையால் வெள்ளைத்தாளில் கறுப்பு இங்க்கை இழுத்து, ஸ்கேன் செய்து, நிறம் நீக்குகிறோம். தாள் வெள்ளையாகத் தெரிகிறது, கண்ணுக்கு. எண்ணில் பார்த்தால் 250 என்று இருக்கும், 255 அல்ல. அந்த ஐந்து, நூற்றுக்கு இரண்டு பங்கு மைக்குச் சமம். போட்டோஷாப்பில் முத்திரைகளுக்கு நடுவே இடைவெளி வழக்கமாக பிரஷ்ஷின் அகலத்தில் 25 சதவீதம். எனவே ஒரே இடத்தில் நான்கு முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும். நான்கு இரண்டு எட்டு. கோட்டின் இருபுறமும் மங்கலான ஒரு பட்டை, முனையில் சதுரத்தின் மூலை. பிரஷ் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட்டுவிடுவார்கள். தவறு பிரஷ்ஷில் இல்லை, தாளின் வெள்ளையில். லெவல்ஸ் கட்டளையில் வெள்ளை முனையை உள்ளே தள்ளிக்கொண்டே போக வேண்டும், தாள் முழுக்க 255 ஆகும்வரை. படத்தின் எந்த ஓரத்தையும் கறுப்பு தொட்டுக்கொண்டிருக்கவும் கூடாது. தொட்டால் அந்த ஓரம் வெட்டுப்பட்டதுபோல் பதியும். அதன் பிறகுதான் டிஃபைன் பிரஷ்.

போட்டோஷாப் இல்லாதவர்கள் ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. பெர்க்லி மாணவர்களான ஸ்பென்சர் கிம்பலும் பீட்டர் மாட்டிஸும் 1995இல் தொடங்கிய கிம்ப் இலவசம். போட்டோஷாப்பின் ஏபிஆர் பிரஷ் கோப்புகளில் பெரும்பாலானவற்றையும் படித்துவிடும். அதன் சொந்தக் கோப்பான ஜிபிஆர் நிறத்தோடும் பிரஷ்ஷை வைத்துக்கொள்ளும், சாம்பலிலும் வைத்துக்கொள்ளும். ஒரு படத்தை நகலெடுத்தாலே போதும், அது பிரஷ் பட்டியலின் முதல் இடத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கிரிட்டாவும் இலவசம், ஓவியம் வரைபவர்களுக்கு அது இன்னும் வசதி.

இப்போது இறக்கிக்கொள்ள பிரஷ்கள் மலிந்து கிடக்கின்றன. எல்லோரும் அதே மேகத்தை, அதே புகையை, அதே வண்ணத் தெறிப்பைப் போடுகிறோம். இன்னொருவர் எடுத்த புகைப்படத்திலிருந்து அனுமதியின்றிச் செய்த பிரஷ்களும் அவற்றில் கலந்திருக்கும். காசு வாங்கிச் செய்யும் வேலையில் அவற்றைத் தொடாதிருப்பது நல்லது. அதைவிட நல்லது சொந்தமாகச் செய்வது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர், பனையோலையின் விளிம்பு, ஈரத் தரையில் காய்ந்த கோலமாவு, நைந்த சணல் சாக்கு என்று ஏதாவது ஒன்றை நல்ல வெளிச்சத்தில் செல்போனிலேயே படம் எடுங்கள். நிறத்தைக் களையுங்கள், தாளுக்குச் சொன்ன அதே கவனத்தோடு வெள்ளையை 255 வரை தள்ளுங்கள், பிரஷ் ஆக்குங்கள். கோணத்தைக் குலுக்கி விட்டு ஓர் இழு இழுத்துப் பாருங்கள். நன்றாக வந்தால் கோப்பாகச் சேமித்து, உடன் வேலை செய்பவர்களுக்கும் கொடுங்கள்.